கிரைண்டரை எடுக்கும் முன் ஒரு போட்டோ: பழைய வண்டி விழாக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நடுவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற விழாவில் ராணுவ வண்டிப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய ஆம்புலன்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த வண்டி என்று நான் சொல்லத் தேவையில்லை. அதன் முன்னால் கோப்பையோடு நீங்கள் நிற்கும் படம் வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றிவிட்டது. கொடுத்த பரிசைத் திரும்ப வாங்குங்கள் என்று கேட்கவில்லை. உரிமையாளர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. உங்கள் மதிப்பெண் தாள் பெயின்டும் பளபளப்பும் கேட்டது, அவர் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி யாருடையது, எந்த ஆண்டு செய்தது, எங்கே ஓடியது என்று அந்தத் தாளில் ஒரு வரி கேள்வி இருந்திருந்தால் அதற்கும் பதில் கொண்டுவந்திருப்பார்.

அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். எந்தப் போர்க்கால வண்டியையும் தேய்க்கும் முன் அதன் எண்களையும் பழைய பெயின்ட் அடுக்குகளையும் பதிவுசெய்ய வேண்டும், அந்தப் பதிவு இல்லாத வண்டிக்குப் போட்டியில் இடம் கிடையாது என்று விதி வையுங்கள்.

அந்த வண்டி மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நின்ற காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிலிட்டரி டிஸ்போசலில், அதாவது ராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்ட சாமான்கள் விற்பனையில், ஏலம் எடுத்து, மலைமேல் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். ஆஸ்பத்திரி மூடிய பிறகு தேயிலை மூட்டை ஏற்றியிருக்கிறது. அதற்கும் அப்புறம் கோழிகள் குடியிருந்தன. ஆனால் வண்டி முழுசாக இருந்தது. அச்சுக்கு அச்சு டேப் பிடித்தால் 121 அங்குலம். பின்னால் இரட்டைக் கதவு, மடக்குப் படி, உள்ளே ஸ்ட்ரெச்சர் தொங்கவிடும் கொக்கிகளின் அடையாளம். அமெரிக்காவின் டாட்ஜ் கம்பெனி ராணுவத்துக்காகச் செய்த டபிள்யூசி-54 ஆம்புலன்ஸ், முக்கால் டன், நான்கு சக்கர இழுவை. 1942 முதல் 1944 வரை ஏறக்குறைய 26,000 வண்டிகள் செய்தார்கள். சேஸும் (அடிச்சட்டம்) எஞ்சினும் டாட்ஜ் செய்தது, இரும்புப் பாடியைக் கட்டியது இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் இருந்த வேய்ன் கம்பெனி. நான்கு ஸ்ட்ரெச்சர் பிடிக்கும்.

பானெட்டின் பக்கவாட்டில் மேலே எஸ்டேட்டின் வெள்ளை, அதற்கடியில் ஒரு சாம்பல், அதற்கும் அடியில் ராணுவப் பச்சை. அமெரிக்கப் படை அந்தப் பச்சையின் மேல் வண்டி எண்ணை எழுதும். முதலில் அதை மங்கிய நீலத்தில்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள், தூரத்திலிருந்து எதிரி கண்ணில் படக்கூடாதென்று. பல பிரிவுகள் படிக்க முடியவில்லையென்று வெள்ளைக்கு மாறிக்கொண்டன. பச்சை மேல் அந்த நீலம் இருந்தால் காய்ந்த தகட்டில் ஒன்றும் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தண்ணீர் காய்வதற்குள் சாய்வாக டார்ச் அடித்தால் நிழல் மாதிரி எழும்பும்.

அப்படித்தான் எழும்பியது. 800 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையையும் சாம்பலையும் மட்டும் எடுத்தேன். விரல் கொஞ்சம் அழுந்தினால் பச்சையும் சேர்ந்து போய்விடும். தின்னரைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டுமே தவிரத் தேய்க்கக்கூடாது. முதலில் வந்தது ஒரு 7. அமெரிக்க எண் முறையில் 7 என்று தொடங்கினால் ஆம்புலன்ஸ். ஜீப்புக்கு 20, மோட்டார் சைக்கிளுக்கு 6. ஆக, வண்டி பிறக்கும்போதே ஆம்புலன்ஸ்தான், பின்னால் யாரும் மாற்றிக் கட்டவில்லை என்று அந்த ஒரு இலக்கம் சொல்லிவிட்டது. அடுத்து ஒரு 1. மூன்றாவது பாதி தெரிந்தது, 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தை வெயில் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம், யாரும் தொட வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் சரி என்றார்.

அடுத்த முறை போனபோது வண்டி அங்கே இல்லை. விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டதென்று பட்டறைக்கு ஏற்றிவிட்டார்கள். பட்டறையில் போய்ப் பார்த்தால் பானெட் தனியாகச் சுவரில் சாய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வெறும் தகடு, அதில் கிரைண்டர் வட்டம் வட்டமாகப் போன தடம். ஒரு பையன் அடிப்பூச்சுக்கு ரெட் ஆக்சைடு கலக்கிக்கொண்டிருந்தான். டாஷ்போர்டில் இருந்த தகடுகளும் இல்லை. மாடல், வரிசை எண், படையிடம் ஒப்படைத்த தேதி எல்லாம் அச்சடித்த தகடுகள் அவை. துருப்பிடித்திருந்ததால் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். பழைய இரும்போடு போயிருக்கும் என்றார்கள். பதிலுக்கு ஆன்லைனில் வாங்கிய புதுத் தகடு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதில் எண் அடிக்க வேண்டிய இடம் காலி. உங்கள் நடுவர்களில் ஒருவர்கூட அந்தக் காலி இடத்தைக் கேட்கவில்லை.

மூன்றாவது இலக்கம் 3 ஆ 8 ஆ என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மற்ற இலக்கங்கள் என்னவென்றும் தெரியாது. ஐந்து நிமிட வேலைக்காகப் போன எண் அது. பட்டறையில் எல்லோர் கையிலும் கேமரா வைத்த போன் இருந்தது.

இப்போது அந்த வண்டியின் பம்பரில், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய ஒரு டிவிஷனின் குறியீடு இருக்கிறது. பானெட்டில் வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம். உங்கள் சான்றிதழும் ‘1944 நார்மண்டி ஆம்புலன்ஸ்’ என்றே சொல்கிறது. நார்மண்டியில் இறங்கிய வண்டி மேட்டுப்பாளையம் எப்படி வந்ததென்று குழுவில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா? இந்தியாவில் டிஸ்போசலுக்கு வந்தவை பெரும்பாலும் பர்மா முனைக்காக இங்கே இறக்கிய வண்டிகள். இம்பாலிலும் கோஹிமாவிலும் காயம்பட்டவர்களை ஜீப்பில் ஸ்ட்ரெச்சர் கட்டி இறக்கினார்கள். அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் என்ற அமைப்பின் தொண்டர்கள் பிரிட்டிஷாரின் பதினான்காம் படையோடு அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அந்தக் கதையில் வரும் வண்டிகளுக்கு நம் ஊரில் பெயரும் இல்லை, பரிசும் இல்லை. பிரெஞ்சுக் கடற்கரைதான் வேண்டியிருக்கிறது.

இதே விழாவில் ஒரு ஜோங்காவும் (நம் ராணுவத்தின் ஜீப் மாதிரி வண்டி) செஞ்சிலுவை போட்டுக்கொண்டு இரண்டாம் உலகப் போர் வரிசையில் நின்றது. ஜபல்பூரில் ஜோங்கா செய்யத் தொடங்கியதே 1969இல். பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அது போருக்குப் போய்வந்திருக்கிறது, வாழ்த்துகள். இன்னொரு டாட்ஜ், பார்க்க ஆம்புலன்ஸ்தான், ஆனால் அச்சுக்கு அச்சு 98 அங்குலம். அது ஆயுதம் ஏற்றும் டபிள்யூசி-51 வகைச் சேஸ், உள்ளூர்க்காரர் யாரோ மேலே ஆம்புலன்ஸ் கூண்டு கட்டியிருக்கிறார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மரச்சட்டம் வைத்து அந்தக் கூண்டைக் கட்டிய கை நல்ல கை. எந்த ஊர்ப் பட்டறை, எந்த ஆஸ்பத்திரிக்கு என்று தேடினால் போர் உபரியை வைத்து நம் ஊர் எப்படிச் சமாளித்தது என்ற கதையே கிடைக்கும். ‘அசல் டபிள்யூசி-54’ என்று பலகை வைத்து அதையும் மூடிவிட்டார்கள். ஒரு டேப்பை எடுத்துப் பிடிக்க நடுவருக்கு எவ்வளவு நேரமாகும்?

செஞ்சிலுவை என்றதும் இன்னொன்று. அது அலங்காரக் குறி இல்லை. 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்துவது குற்றம். அபராதம் 500 ரூபாய் வரைதான், பயப்பட வேண்டாம். ஆனால் சின்னம் போட்ட பொருளையே பறிமுதல் செய்யவும் அதில் இடமுண்டு. கோப்பையோடு சேர்த்து வண்டியும் போனால் உரிமையாளர் உங்களைத்தான் தேடி வருவார். சாலையில் ஓட்டும்போது அதன் மேல் ஒரு துணியையோ காந்தத் தகட்டையோ போட்டு மறைக்கச் சொல்லியிருக்கலாம். கொடியசைத்து அனுப்பிவைத்தது நீங்கள்.

பொதுவாகவே இங்கே பழசைக் காப்பதென்றால் பெயின்ட் அடிப்பது என்றாகிவிட்டது. ரவுண்டானாவில் நிற்கும் டாங்கிக்கு ஜனவரி 26க்கு முன்னால் வருஷா வருஷம் கிளிப்பச்சை அடிக்கிறார்கள். கோயில் தூணுக்கு சாண்ட் பிளாஸ்டிங் செய்து கல்வெட்டைக் கரைத்த ஊர் நம்முடையது. சரி, அதையெல்லாம் உங்கள் கணக்கில் எழுத முடியாது.

ஒன்றே ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜின் தலைமையில் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற இந்திய ராணுவ மருத்துவப் பிரிவு கொரியப் போருக்குப் போனது. 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கியபோது, மருத்துவச் சாமான்களை விட்டுவர மனமில்லாமல் ஒரு பழைய ரயிலைப் பிடித்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படியொரு படைப்பிரிவின் வண்டி நாளைக்கே ஏதாவதொரு கொட்டகையில் கிடைத்தால், இன்றைய உங்கள் விதிகளின்படி அதற்கு என்ன ஆகும்? பச்சை அடித்து, நட்சத்திரம் போட்டு, நார்மண்டி என்று எழுதி முதல் பரிசு கொடுப்பீர்கள்.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பதற்குப் பெரிய செலவும் கிடையாது. விண்ணப்பத்தோடு இன்னும் ஒரே ஒரு பக்கம் சேருங்கள். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தெளிவாகத் தெரியும் படம், தகடுகள் கழற்றும் முன் இருந்த நிலையில் படம், வேலை தொடங்கும் முன் வண்டியின் நாலு பக்கமும் படம், எங்கே யாரிடம் வாங்கியது என்று இரண்டு வரி. பானெட்டிலோ கதவின் உட்புறத்திலோ உள்ளங்கை அளவுக்குப் பழைய பெயின்டைத் தொடாமல் விட்டிருந்தால் கூடுதல் மதிப்பெண். பழைய தகட்டை மாட்ட வேண்டாமென்றால் ஒரு கவரில் போட்டு ஆர்.சி. புக்கோடு வைக்கச் சொல்லுங்கள். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வண்டி விதியே ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வண்டியின் அசல் வடிவம் மாறக்கூடாது என்கிறது. அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டப் போகிறவருக்கு நாலு படம் எடுப்பது பாரமாக இருக்காது.

படிவத்தின் மாதிரி ஒன்றை நானே தயார்செய்து செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், என் பெயர் எங்கேயும் வர வேண்டியதில்லை. அடுத்த விழாவுக்கு இன்னும் இரண்டு ஆம்புலன்ஸ்கள் தயாராவதாகப் பட்டறை வட்டாரத்தில் பேச்சு. அதில் ஒன்று ஆஸ்டின் கே2, பிரிட்டிஷ் ராணுவத்தின் போர்க்கால ஆம்புலன்ஸ், என்கிறார்கள். அது உண்மையென்றால், பிரிட்டிஷ் ராணுவ எண் முறையில் ஆம்புலன்ஸுக்கு ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து முன்னால் வரும் என்பதை அந்தப் பட்டறைக்கு யாராவது இந்த வாரமே போன் செய்து சொல்லுங்கள். வண்டிக்குப் பட்டி போடத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்வி.

முன்பதிவு தொடங்குவதற்குள் விதியை அறிவிக்க வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளுக்கு டிங்கரிங் வேலை பார்க்கும் ஒரு கோவைக்காரன்