கிணற்றடிப் பம்ப் திருப்பணி: நிறைவு அறிக்கை

நம் நகரச் சிவன் கோயில் புள்ளிகள் (வரி கொடுக்கும் குடும்பத்தார்) அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

இறையருளால் கிணற்றடிப் பம்ப் திருப்பணி நிறைவேறியது. தெப்பக்குளத்துக்கு மறுபடியும் தண்ணீர் ஏறுகிறது. வரவு செலவைப் பொதுக்குழுவில் வாசித்துவிட்டோம். எவர்சில்வர் பம்ப் எதற்கு, அதிலும் விலை கூடிய ரகம் எதற்கு என்று பலர் கேட்டீர்கள். புள்ளி வரி கொடுத்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

பழைய பம்பின் வார்ப்பிரும்பு உறை வெளிப்பார்வைக்கு முழுதாகவே இருந்தது. கழற்றிய அன்று மெக்கானிக் பேனாக்கத்தியால் உட்புறத்தைச் சுரண்டினார். பென்சில் முனையைச் சீவியதுபோல் கறுப்புத் தூள் உதிர்ந்தது. இரும்பெல்லாம் கரைந்துபோய், கிராஃபைட் மட்டும் அதே வடிவில் நின்றிருக்கிறது! உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் கன்மெட்டல் என்ற செம்புக் கலவை; அதற்கு ஒரு குறையும் இல்லை. நம் கிணற்றிலுள்ளது போன்ற உவர்த் தண்ணீரில் இரு வேறு உலோகங்கள் ஒட்டி நின்றால் ஒன்றைக் காத்து மற்றொன்று கரையும். இங்கே கரைந்தது இரும்பு.

முதலில் வந்த விலைப்புள்ளி 304 என்ற எவர்சில்வர் ரகத்துக்கு. அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமியத்தால் மேலே படியும் மெல்லிய படலம்தான் எவர்சில்வருக்குக் காவல். உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காவலை ஊசிமுனையளவில் துளைத்து உள்ளே போய்விடும். நாங்கள் வாங்கிய 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் அது கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். விலை ஏறியது அதனால்தான். கடல்நீராக இருந்தால் அதையும்விடத் தாக்குப்பிடிக்கும் டூப்ளெக்ஸ் எவர்சில்வர் ரகத்துக்கே போயிருப்போம். நம் கிணற்றுக்கு அது தேவையில்லை.

வேலை தாமதமானதற்குக் காரணம் போல்ட்டுகள். பம்போடு வந்தவை சாதாரண இரும்பு. அகன்ற எவர்சில்வருக்கு நடுவே சிறிய இரும்பு போல்ட் வெகு சீக்கிரம் அரித்துப்போகும். அத்தனையையும் 316 ரகத்திலேயே மாற்றிய பிறகுதான் பூட்டினோம். காத்திருக்க வைத்ததற்குப் பொறுத்தருள வேண்டும்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர். உலோக அரிப்பை ஆராயும் அந்த நிலையத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, துருவைத் தலைவிதி என்று விட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு வேண்டுகோள். உவர்த் தண்ணீர் உள்ளே தேங்கி நின்றால் எவர்சில்வரிலும் குழி விழும். மழைக்காலத்தில் குளம் நிறைந்திருந்தாலும் வாரம் ஒருமுறை பம்பைக் கட்டாயம் ஓட்ட வேண்டும். சாவி மெய்க்காவலரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு