ஏரி பார்க்க மலைக்குக் கூட்டிட்டுப் போற குரூப் லீடர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சின்ன மலைதான், மேல இருந்து ஏரி சூப்பரா தெரியும், அரை நாள்ல திரும்பிடலாம்னு மெசேஜ் போட்டு ஆள் சேர்த்துக் கூட்டிட்டுப் போறீங்கல்ல, உங்களுக்குத்தான் இத எழுதுறேன். நீங்க செய்யறது நல்ல காரியம்ங்க. உங்களாலதான் எத்தனையோ பேர் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு மலையில ஏறுறாங்க. அதனாலதான் உரிமையோட ஒண்ணு கேக்குறேன், அந்த மெசேஜ்ல வர்ற "மொத்தம் 6 கிலோமீட்டர், ஈஸி" அப்படிங்கற வரிய தயவு செஞ்சு மாத்துங்க, அத மட்டும் படிச்சுட்டு தன்னால முடியுமா முடியாதான்னு யாராலயும் முடிவு பண்ண முடியாது.

சமதரையில 6 கிலோமீட்டர் வேற, 450 மீட்டர் ஏற்றம் இருக்குற 6 கிலோமீட்டர் வேற. 1892லயே ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்கு சொல்லிட்டுப் போயிருக்காரு, இன்னைக்கு கிலோமீட்டர்ல சொன்னா 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் சேத்துக்கணும். அப்படிப் பார்த்தா இந்த 6 கிலோமீட்டருக்கே கிட்டத்தட்ட 2 மணி நேரம் ஆகுது, அதுவும் நல்லா நடந்து பழகின ஆளுக்கு, எங்கயும் நிக்காம போனா. உங்க குரூப்ல அப்படி எத்தனை பேர் இருக்காங்க? எல்லா வயசும் கலந்து வர்ற குரூப்னா நான் அத ஒண்ணரை மடங்காவது ஆக்குவேன், போட்டோ எடுக்குற நேரம் தனி. இன்னொண்ணு, ஏற்றம்னா அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இருக்குற வித்தியாசம் மட்டும் இல்ல, நடுவுல ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினா அந்த ஏற்றமும் கணக்குல வரணும், திரும்பி வரும்போது அதே பள்ளத்த மறுபடி ஏறணும்.

அடுத்தது உச்சி. ஏரி பார்க்கணும்னு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போயிட்டு ஏன் எல்லாரையும் உச்சிக்கே இழுக்குறீங்கன்னு எனக்குப் புரியல. பல மலையில உச்சிய விட பாதி வழியில இருக்குற ஒரு பாறைத் திட்டுல இருந்துதான் ஏரி நல்லா தெரியும். உச்சி அகலமா தட்டையா இருந்தா சரிவோட விளிம்பே கீழ இருக்குற தண்ணிய மறைச்சிடும், மரம் அடர்த்தியா இருந்தா சொல்லவே வேணாம். இத அங்க போய்த்தான் கண்டுபிடிக்கணும்னு இல்ல, காண்டூர் கோடு, அதாவது ஒரே உயரத்துல இருக்குற இடங்கள இணைக்குற கோடு, போட்ட மேப்ப பொறுமையா பார்த்தாலே தெரியும். கோடுங்க மேல விலகி இருந்து கீழ வர வர நெருங்கினா அந்தச் சரிவு வெளிப்பக்கமா புடைச்சிருக்கு, மேல நின்னா அடிவாரம் தெரியாது, அதுவே மேல நெருக்கமாவும் கீழ அகலமாவும் இருந்தா ஏரிக்கரை வரைக்கும் பார்வை இறங்கும். ரொம்ப தாழ்வான இடத்துலயும் பிரயோஜனம் இல்ல, 1 கிலோமீட்டர் தள்ளி இருக்குற ஏரிய 100 மீட்டர் உயரத்துல இருந்து பார்த்தா ஒரு பட்டை மாதிரிதான் தெரியும், 300 மீட்டர் ஏறினா அதோட கரை வளையுற வடிவமே புரியும். ஆக உங்க பிளான்ல உச்சி எங்கன்னு போடுறதுக்கு முன்னாடி ஏரி எங்கெங்க தெரியும்னு போடுங்க, "இங்க வரைக்கும் வந்தாலே போதும், வந்த வேலை முடிஞ்சுது" அப்படின்னு ஒரு இடத்த தைரியமா குறிச்சுக் கொடுங்க. மூச்சு வாங்குறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா.

நேரமும் அப்படித்தான். சூரியன் தாழ்வா இருக்கும்போது அது இருக்குற பக்கமே ஏரியும் இருந்தா கண்ணு கூசும், வெள்ளையா ஒரு பளபளப்பத் தவிர ஒண்ணும் தெரியாது, சூரியன் நம்ம முதுகுப் பக்கம் இருக்குற நேரமா பார்த்துப் போனாத்தான் தண்ணியோட நிறம் தெரியும். காலையில பொதுவா காத்து கம்மி, மலையோட பிம்பம் அப்படியே தண்ணியில விழும், வெயில் ஏறி தரை சூடானா ஏரிப் பக்கமிருந்து காத்து கிளம்பி அலை தட்டிடும். ஆனா வானம் தெளிவா இருந்த குளிர் ராத்திரிக்கு அடுத்த காலையில ஏரி மேல பனிமூட்டம் நிக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால மேல உக்காந்து காத்திருக்க ஒரு மணி நேரமாவது விட்டு வைங்க.

இப்ப எனக்கு ரொம்ப மனசுல இருக்குற விஷயம். முன்னாடி போறவங்க ஒரு இடத்துல நின்னு பத்து நிமிஷம் ரெஸ்ட் எடுப்பாங்க, பின்னாடி மெதுவா வர்றவங்க வந்து சேர்ந்த உடனே "எல்லாரும் வந்தாச்சா, கிளம்பலாம்"னு எழுந்துடுவாங்க, அதாவது யாருக்கு ரெஸ்ட் தேவையோ அவங்களுக்கு மட்டும் அது கிடைக்கவே கிடைக்காது. அவங்க வாய விட்டுக் கேக்கவும் மாட்டாங்க, தன்னால எல்லாருக்கும் லேட்டாகுதேன்னு கூச்சம். களைச்சுப் போனவங்க இறங்கும்போதுதான் வழுக்கி விழுவாங்க, இறக்கத்துல தொடைத் தசையும் முட்டியும்தான் மொத்த எடையையும் தாங்குது, சின்னச் சரளைக்கல்லு இருந்தா போச்சு. கடைசி ஆள் வந்ததுக்கு அப்புறம்தான் ரெஸ்ட் நேரத்த எண்ண ஆரம்பிங்க. கடைசி ஆளோட கூடவே நடக்க அனுபவம் உள்ள ஒருத்தர போடுங்க, அவரு பின்னாடி இருந்து துரத்துறவரா இல்லாம பேசிட்டே வர்றவரா இருக்கணும்.

எந்த மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, மேல போய் முடிவு பண்ணா "இன்னும் கொஞ்சம்தான்" அப்படிங்கற குரல்தான் ஜெயிக்கும். மரத்தடிப் பாதையில சூரியன் மறையுறதுக்கு முன்னாடியே இருட்டிடும், ஆளுக்கு ஒரு டார்ச் இருக்கட்டும். மின்னல் அடிச்சு 30 செகண்டுக்குள்ள இடி கேட்டா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், முகட்டுலயும் நிக்கக்கூடாது ஏரிக்கரையிலயும் நிக்கக்கூடாது. நெட்வொர்க் இல்லாட்டியும் போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்ப மட்டும் வீட்டுலயே டவுன்லோட் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்த உடனே ஏரியில குதிக்கலாம்னு கடைசி நேரத்துல யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, குளிர்ந்த தண்ணி பட்ட உடனே மூச்சு தடுமாறும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் அதே ஆபத்துதான்.

அடுத்த தடவை மெசேஜ் போடும்போது தூரத்தோட கூடவே மொத்த ஏற்றம், மெதுவா நடக்குறவங்களுக்கு ஆகுற நேரம், ஏரி தெரியுற இடங்கள், திரும்புற மணி, இதையும் சேர்த்துப் போடுங்க. நாலு வரி கூடும், அவ்வளவுதான்.

அன்புடன்,
எப்பவும் கடைசி ஆளோட சேர்ந்து நடக்குற ஒருத்தி