மரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "உச்சி காய்ஞ்சிருக்கே" என்றார். எனக்கும் அதுதான் முதலில் பட்டது. தூங்குமூஞ்சி மரம் கோடையில் இலை கொட்டும், பிறகு துளிர்த்துவிடும், அது உனக்கே தெரியும். கீழ்க்கிளைகள் துளிர்த்தும் உச்சி மட்டும் மொட்டையாக நிற்கிறது என்றால் நுனிவரை தண்ணீர் ஏறவில்லை. இரண்டு வருடம் மழை பொய்த்தது இப்போதுதான் வெளியே தெரிகிறது. வயதான மரம் வறட்சியின்போது சமாளித்து நின்றுவிடும். மழை திரும்பிச் சில வருடம் கழித்துக்கூடப் பட்டுப்போகும். அதனால் போன மாதம் ஒரு மழை பெய்ததே என்று சும்மா இருந்துவிடாதே.

படத்தில் ஓரமாக நீயும் நிற்கிறாய். இளைத்துவிட்டாய்.

மாடியிலிருந்து கைக்கு எட்டும் காய்ந்த குச்சிகளை நகத்தால் சுரண்டிப் பார். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஏணி வைத்து ஏறாதே. நம் வீட்டில் ஒருவர் ஏறிப் பட்டது போதும்.

தண்ணீர்தான் முக்கியம். தண்டருகே ஊற்றாதே. அங்கே இருப்பது மரத்தைத் தாங்கும் வேர். உறிஞ்சும் வேர்கள் கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழேயும் அதற்கு அப்பாலும் பரவியிருக்கின்றன, பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டடிக்குள். விளிம்பைச் சுற்றிக் குழாயை மெல்லக் கசியவிட்டு இடம் மாற்றி மாற்றி வை. ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ராத்திரியிலோ விடியற்காலையிலோ விடு. மறுநாள் ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பார்; ஈரம் இருக்கும் மட்டும் சுலபமாக இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். ஒன்றரை அடி இறங்க வேண்டும். அப்படி நனைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் ஒரு வாளி ஊற்றுவது மேல்மண்ணை நனைக்குமே தவிர வேருக்கு உதவாது. காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். துணி துவைத்த தண்ணீர் வேண்டாம், சலவைத்தூளில் உள்ள உப்பு சேரச் சேர மண் இறுகிவிடும்.

உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரிக்காதே. அங்கேயே நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிடு, ஈரம் நிற்கும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், அங்கே மட்டும் ஒரு சாண் இடம் விடு. உரம் எதுவும் போடாதே. உரம் போட்டால் புதுத் தளிர் தள்ளும், அதற்குக் கொடுக்க வேரிடம் தண்ணீர் இருக்காது.

முற்றம் முழுவதும் சிமெண்ட் கல் பதிக்கப்போவதாக அக்காவிடம் சொன்னாயாமே. என்னிடம் ஏன் சொல்லவில்லை? கல் பதித்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்றும் போகாது. பதிப்பதற்காகத் தோண்டும்போதே பாதி வேர் அறுந்துவிடும். நிழல் என்று நீ காரை நிறுத்துகிறாயே, அதுவும் மண்ணை அழுத்திக்கொண்டே இருக்கிறது. வண்டியை வெளியே விடு. சின்ன வயசில் மாடித்தண்ணீரை மரத்துக்குத் திருப்ப வாய்க்கால் வெட்டினவன் நீ. வீட்டை விற்றுவிடலாம் என்று எல்லாரும் சொன்னபோது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றவனும் நீதான். அதை இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

கிளை வெட்ட ஆள் வந்தால் காய்ந்ததை மட்டும் எடுக்கச் சொல். பாரம் குறையட்டும் என்று மொட்டையடிக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதே. இலை இருந்தால்தான் மரம் தன் உணவைத் தயாரிக்க முடியும். இருக்கிற தெம்பில் பச்சைக் கிளையை இழக்க அதனால் முடியாது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் இருக்கும், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அறுத்த இடத்தில் தார் பூச வேண்டாம். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர் என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? மரம் காயத்தை ஆற்றுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி ஒதுக்கிவிட்டு வெளியே புதிதாக வளர்கிறது என்று காட்டினார். தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை.

பின்பக்கம் நீளுகிற கிளையை நல்ல ஆளாக வைத்துப் பார். அவள் ஊஞ்சல் கட்டச் சொன்ன கிளை. காற்றே இல்லாத வெயில் நாளில்கூட அந்த மாதிரி நீண்ட கிளை திடீரென்று முறியும். தாங்கு கொடுக்கலாமா, நீளத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று அவர் சொல்லட்டும். அதுவரை அதன் கீழே உட்காராதே. நீ ராத்திரியில் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அவளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அடித்தண்டில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் தூக்கியிருக்கிறதா என்றும் பார். மண் தூக்கியிருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடு, நாளைக்கு என்று தள்ளாதே.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மற்றபடி இங்கே எல்லாரும் சுகம்.

தண்டருகே ஊற்றாதே, விளிம்பில் விடு. முதல் தடவை நனைக்கும்போது நான் கூட இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. அப்பாவை அக்கா பார்த்துக்கொள்வாள், நான் வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன். வந்தால் மரத்தை மட்டும்தான் பார்ப்பேன், வேறு எதுவும் கேட்க மாட்டேன். எப்போது வரட்டும் என்று எழுது. வர வேண்டாம் என்றாலும் அதையாவது எழுது.

அன்புடன்,
அம்மா