செக் ஜாவா நடைக்கு இவ்வளவு முன்னதாகப் பெயர் கேட்பது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் புலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கடற்கரைக்குச் செல்லப் பெயர் கொடுத்தவர்களில் பலர், பயணத் தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்க இயலுமா, உறவினர் இருவரைக் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயமே. இயலாது என்று சொல்லும் நாங்கள் அதற்கான காரணத்தையும் விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

புலாவ் உபினின் கிழக்குக் கோடியான செக் ஜாவாவில் 2007-இல் திறக்கப்பட்ட நடைமேடையில் எவரும் கட்டணமின்றி நடக்கலாம். கீழே மணல்திட்டில் இறங்குவதற்கு மட்டும் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதலும் வழிகாட்டியும் வேண்டும். அந்த ஒப்புதலை நாள், நேரம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் உறுதிசெய்தே பெறுகிறோம். கடல் மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் திட்டு நன்றாகத் தெரியும். அத்தகைய வற்றம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் வருவது, அதுவும் ஆண்டின் நடுவில் விடியலுக்கு முன்னும் ஆண்டிறுதியில் மாலையிலும். ஒரு வாரம் தள்ளினால் நிலவு பாதியாகிவிடும், திட்டு நீருக்கடியிலேயே கிடக்கும்.

ஆள் கணக்கில் நாங்கள் கண்டிப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி 2001 டிசம்பரில் ஒத்திவைக்கப்பட்டதால் பிழைத்த கரை இது. 2007 தொடக்கத்தில் அருகிலுள்ள மலேசியாவின் ஜோகூர் மாநில வெள்ளம் கடலில் கலந்து உப்பின் அளவு குறைந்ததும், இங்கே பூப்போல விரியும் கடலுயிரான கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் ஏராளமாக மடிந்தன. கடற்புல்லுக்கிடையே சாப்பாட்டுத் தட்டளவு விரிந்திருக்கும் கம்பளக் கடற்சாமந்தி, நீர் வற்றியதும் மணலோடு மணலாகச் சுருங்கிக்கொள்ளும்; அதன்மேல் கால் வைத்த பிறகே அங்கே ஓர் உயிர் இருப்பது நமக்குத் தெரியும். இறங்கும் கால்கள் குறைவாக இருப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

சென்ற ஆண்டு, பட்டியலில் இல்லாத நால்வரை வந்தவுடன் ஏற்றுக்கொண்டது எங்கள் பிழை. அவர்கள் நடைமேடையிலேயே நிற்க நேர்ந்தது. கீழிருந்து பேரன் "பாட்டி, வாங்க" என்று கையசைக்க, கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்த அந்த அம்மாவிடம் மீண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அதனால்தான் இவ்வாண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே முழுப் பெயர்ப் பட்டியலைக் கேட்கிறோம்.

சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிருவர் சேர்ந்த பிறகே படகு புறப்படும் என்பதால், குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிடுங்கள். கடல் நமக்காகக் காத்திருக்காது. விரல்களை மூடிய காலணி அவசியம். காலிச் சிப்பியைக்கூடப் பிள்ளைகள் எடுக்க வேண்டாம். துறவி நண்டுக்கு அதுவே வீடு. இடி மின்னல் வந்தால் நடை ரத்தாகும். செலுத்திய தொகை முழுவதையும் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
தங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்