பாடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியை யார் கண்காணிப்பது என்று பேச்சு எடுத்தாலே ஒருவர் 'மாநில உரிமை' என்கிறார், அடுத்தவர் 'ஒளிபரப்பு மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது' என்கிறார். முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவன் நான். இரண்டு பேர் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரில் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அரசுகளும் அரசு நிறுவனங்களும் இனி நேரடியாக ஒளிபரப்பில் இறங்கக் கூடாது, ஏற்கெனவே நடத்துகிறவர்கள், தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி வழியாக நடத்த வேண்டும், 2023 முடிவதற்குள் மாறிவிட வேண்டும் என்றது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய நம் கல்வித் தொலைக்காட்சிக்கும் கேரளத்தின் விக்டர்ஸ் கல்விச் சேனலுக்கும் அது பொருந்தும். இதற்குத் துணையாகக் காட்டப்படுவது உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பு. ஒளிபரப்பு செல்லும் வானலை பொதுச் சொத்து, அது அரசின் பிடியில் இல்லாத ஒரு பொது அமைப்பின் கையில் இருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். ஆனால் டெல்லி அதை மாநிலங்களுக்கு மட்டும் வாசித்துக் காட்டுகிறது.

பிரசார் பாரதி அப்படிப்பட்ட பொது அமைப்பா? 1990-இல் வந்த அதன் சட்டத்திலேயே 22 எம்.பி.க்கள் கொண்ட மேற்பார்வைக் குழுவுக்கு இடம் இருக்கிறது. அது காகிதத்தோடு நின்றுபோனது. 2017 சுதந்திர தினத்துக்கு அன்றைய திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் பேசிப் பதிவு செய்த உரையை, மாற்றிக் கொடுத்தால்தான் ஒளிபரப்புவோம் என்றது பிரசார் பாரதி. அவர் மாற்றவில்லை, உரையும் வரவில்லை. ஒரு முதல்வரின் பேச்சுக்கே அந்தக் கதி என்றால், பாடம் நடத்தும் வாத்தியாரை யார் கேட்கப் போகிறார்கள்?

என் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியைச் சுமை குறைப்பு என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. நாளைக்கு நம் பாடங்கள் இன்னொருவர் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், டார்வின் அந்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்? கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது, அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தத்தில், மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. ஒளிபரப்பு என்ற பின்வாசல் வழியாக மிச்சமும் போய்விடக் கூடாது.

சரி, அதனால் சென்னை நடத்துவதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சிக்குத் தலைமைச் செயல் அலுவலரை நியமித்தார்கள். அவருடைய அரசியல் சார்பு குறித்துச் சர்ச்சை கிளம்பியதும் நியமனத்தை நிறுத்தி வைத்தார்கள். அன்று பலர் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. ஓர் ஆளை வைப்பதும் எடுப்பதும் கோட்டையின் ஒரு முடிவு என்றால், ஆட்சி மாறினால் முடிவும் மாறும், அவ்வளவுதானே?

கொரோனாக் காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கையில் நோட்டோடு அந்தச் சேனலின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். புரியாததைக் குறித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் என்னிடம் வருவாள். அந்த வீட்டில் ஸ்மார்ட்போன் கிடையாது. அந்தச் சில மாதங்களுக்கு அவளுடைய பள்ளிக்கூடமே அந்தப் பெட்டிதான். வகுப்பறையில் நான் தப்பாக ஒன்று சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து கேட்பான். பெட்டியிடம் யார் எழுந்து கேட்பது? அதனால்தான் கண்காணிப்பு வேண்டும் என்கிறேன். ஆனால் அதை அமைச்சர் அலுவலகம் செய்யக் கூடாது, அது எந்த ஊர் அமைச்சராக இருந்தாலும்.

சட்டமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்து, பணியில் இருக்கும் ஆசிரியர்கள், பல்கலைக்கழகத் துறை அறிஞர்கள், பெற்றோர் என்று ஒரு குழுவை அமைக்கலாம். ஆட்சி மாறினாலும் கலைக்க முடியாதபடி உறுப்பினர்களின் காலத்தை அந்தச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். எந்தப் பாடத்தைத் திருத்தச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்பதை மாதாமாதம் வெளியிட வேண்டும். குழுவில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியராவது கட்டாயம் இருக்கட்டும். நாம் அமைக்கும் குழுக்களில் அவர்களைத்தான் எப்போதும் மறந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
விருத்தாசலம்.