கண் சொட்டு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்கவும், நெல் கொள்முதல் காலத்தில் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவாரூர்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் எங்கள் தெருவில் யார் மருந்து வாங்கினாலும் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "கம்பவுண்டரய்யா, இது எத்தன சொட்டு விடணும்?" என்று கேட்டு வருவார்கள். அப்படிக் கேட்காமல் போன ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லித்தான் இந்த மனுவைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற தை அறுவடையின்போது, நெல் தூற்றும் வேலைக்குப் போன பக்கத்து வீட்டு அம்மாளின் கண்ணில் சுணை விழுந்தது. முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். சாயங்காலம் கண் சிவந்து நீர் வடிந்தது. மகன் டவுனுக்குப் போய் ஒரு மருந்துக்கடையில், "அம்மாவுக்குக் கண்ணு செவந்திருக்கு" என்று சொல்லிச் சொட்டு மருந்து வாங்கி வந்தான். கடையில் சீட்டு கேட்கவில்லை. அடிபட்டதா, தானாக வந்ததா என்றும் கேட்கவில்லை. மறுநாளே சிவப்பு பாதி குறைந்தது. நல்ல மருந்து என்று ஒரு வாரம் விட்டார்கள். எட்டாம் நாள், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கருவிழியில் குருணை அரிசி அளவுக்கு வெள்ளை.

பாட்டிலை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மாக்சிபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த மருந்து அது. தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். புண்ணைச் சுரண்டிச் சோதித்ததில் பூஞ்சைத் தொற்று என்றார்கள். நெல்லோ வைக்கோலோ கரும்புச் சோகையோ கீறி வரும் கருவிழிப் புண்ணில் நம் பக்கம் பூஞ்சை சாதாரணமாகக் காணப்படுவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் வெளுக்க வைத்துவிட்டு, உள்ளே பூஞ்சை பரவ வழிவிடும். பூஞ்சைக்கான நேட்டமைசின் சொட்டு மருந்தை மணிக்கொரு தடவை என்று தொடங்கிப் பல வாரம் விட்டபின் புண் ஆறியது. கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு விளக்கு எரிவது தெரிகிறது, ஆள் தெரிவதில்லை.

அந்தக் கடைக்காரர் மேல் புகாராக இதை எழுதவில்லை. இரவு எட்டு மணிக்குக் கிராமத்துக்காரனுக்கு அகப்படுகிற ஒரே வைத்தியர் அவர்தான். அதே சமயம், சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆன்டிபயாடிக் கண் மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான, 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் மாக்சிபிளாக்சசினும் இருக்கிறது. வெளிப்பூச்சு மருந்துகளுக்கு அதில் விலக்கு உண்டு. கண் மருந்துக்கு அந்த விலக்கு கிடையாது. எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்துகள் ஆய்வாளர்கள் நம் மாவட்டக் கடைகளில் இந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த கண் மருந்துகளை முதலில் பார்த்தால் நல்லது. அவற்றை மாதக்கணக்கில் விட்டுக் கண் அழுத்தம் ஏறியவர்களையும் புரை வந்தவர்களையும் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கோரிக்கை, தமிழில் ஒரு துண்டுச் சீட்டு. பாட்டிலில் இருப்பது எறும்பு எழுத்து, அதுவும் ஆங்கிலம். மெட்ராஸ் ஐ வந்தால் ஒரே பாட்டிலை வீடே மாறி மாறி விடுகிறது. மீந்ததைச் சாமி மாடத்தில் வைத்து அடுத்த வருடமும் எடுக்கிறார்கள். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, நீராக வடியும், ஓரிரு வாரத்தில் தானே அடங்கும், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகப் பீளை தள்ளி, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதையும் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் இவ்வளவு இருந்தால் போதும்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் பீளையைத் துடையுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேல் கண் கொள்ளாது, கன்னத்தில்தான் வழியும். பாட்டில் மூக்கு கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக் கூடாது. விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்துங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள். சரியாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், சொன்ன நாளுக்கு மேலும் விடாதீர்கள். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலில் எழுதுங்கள். 4 வாரத்துக்குப் பிறகு தூக்கிப் போடுங்கள். அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்குத்தான். ஒருவர் மருந்து ஒருவருக்கே. வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணில் அடிபட்டிருந்தாலோ கடைக்குப் போகாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிறந்த குழந்தைக்குப் பீளை தள்ளினால் தாய்ப்பாலைப் பீய்ச்சுவதும், பெரியவர்களுக்கு நந்தியாவட்டைச் சாறு விடுவதும் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. பச்சிளங்குழந்தையின் கண்ணில் சீழ் வடிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதைக் கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் அங்கே நெல் தூற்றுகிறவர்களும் மூட்டை பிடிக்கிறவர்களும் கருக்காய்த் தூசியிலேயே நிற்கிறார்கள். கொள்முதல் முடியும் வரை வாரம் ஒரு நாள் கண் மருத்துவ உதவியாளர் ஒருவர் நிலையங்களைச் சுற்றி வந்தால், கீறலிலேயே பிடித்துவிடலாம். தூசி புகாத கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலும் வெயிலில் வேர்த்தால் கழற்றித்தான் வைப்பார்கள்; ஆனாலும் கொடுங்கள், பத்துப் பேரில் மூன்று பேர் போட்டாலும் லாபம்.

தை பிறந்தால் சம்பா அறுவடை. பக்கத்து வீட்டு அம்மாள் இந்த வருடமும் தூற்றப் போவதாகச் சொல்கிறார். அதற்குள் உத்தரவு வந்தால், அவருடைய மற்றொரு கண்ணுக்காவது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: துண்டுச் சீட்டு மாதிரி – 1; பொதுமக்கள் கையொப்பத் தாள்கள் – 4