நடந்தவர்களுக்கு நன்றி, ஒரு கணக்கு பாக்கி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை நடந்து முடித்துவிட்டோம். நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்கள் கொடுத்துச் சேர்ந்த பணம் 1,14,300 ரூபாய். அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப் அமைப்பிடம் கொடுத்து ரசீதும் வாங்கியாயிற்று.

ஏன் ஸ்கார்ஃப் என்று சிலர் கேட்டீர்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்ற பிறகு 1984-இல் தொடங்கியது அது. மனச்சிதைவு நோய் வந்தவர்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல், அவர்கள் மறுபடி வேலை வெட்டி என்று எழுந்து நடமாடவும் வழி பார்க்கிறவர்கள். இது வெளியில் சொல்கிற காரணம். வீட்டுக் காரணம், என் தம்பி.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 22 வயதில் அவனுக்கு அந்த நோய் வந்தது. அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியில், "உடம்பு சரியானதும் வாப்பா" என்றார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை. அவர்களை மட்டும் சொல்வானேன்? நாங்களே சொந்தக்காரர்களிடம் "ஓசூரில் வேலை பார்க்கிறான்" என்று சொல்லி வந்தோம். ஒருமுறை பெரியம்மா வந்திருந்தபோது உள்ளறையில் அவன் இருமிவிட்டான். அம்மா சட்டென்று டிவி சத்தத்தைக் கூட்டினாள். அந்த இருமல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மாத்திரை வேலை செய்தது. யாரும் பேசாமலே அந்த நோயால் அவன் காதில் விழுந்த குரல்கள் அடங்கின. ஆனால் இந்த மருந்துகள் பலருக்குப் பசியைக் கிளப்பும், உடம்பு போடவைக்கும், சர்க்கரையையும் ஏற்றிவிடும். தம்பிக்கு 18 கிலோ ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். முதல் நாள் தெருமுனை வரைக்கும்தான் போனோம். திரும்பி வருவதற்குள் அவன் சட்டை நனைந்துவிட்டது. ஆறு மாதத்தில் கடற்கரை வரை போய் வந்தோம். பிறகு மேல்மாடி அக்கா சேர்ந்துகொண்டார், பால் பூத்துக்காரர் சேர்ந்தார். "சும்மா நடக்கிறதுக்கு நாலு பேருக்கு உபயோகமா நடக்கலாமே" என்று சொன்னது அந்த அக்காதான். முதல் நன்றி அவருக்கு.

மருந்தீஸ்வரர் கோயில் வாசலில் விடியற்காலை நாலரைக்கு 23 பேர் வந்து நிற்பீர்கள் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. உத்தண்டி வரை எல்லோரும் பேசிக்கொண்டே வந்தோம். இரண்டாவது வாரம் முட்டுக்காடு பாலத்துக் காற்றில் பேச்சே எடுபடவில்லை. வடநெம்மேலி முதலைப் பண்ணை வருவதற்குள் எனக்குக் குதிகாலில் கொப்புளம். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதற்காக நடக்கிறோம் என்று கேட்டுக்கொண்டார். இளநீருக்குக் காசு வாங்கவில்லை. "எங்க மச்சானுக்கும் இதான்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார். அவர் இதைப் படிக்கப்போவதில்லை; அந்தப் பக்கம் போகிறவர்கள் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

தம்பி முழுத் தூரமும் நடக்கவில்லை. கடைசி வாரம் சாளுவன்குப்பத்தில் பஸ் ஏறிவிட்டான். அவன் செய்த வேலை வேறு. கிலோமீட்டருக்கு 5, 10 என்று நீங்கள் கொடுத்ததையெல்லாம் நீளமான நோட்டில் வரிசையாக எழுதியது அவன்தான். மருந்தால் கை நடுங்கும். அதனால் ஒவ்வொரு எண்ணையும் மெதுவாக, பெரிதாக எழுதியிருக்கிறான். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

இந்த மடலை இவ்வளவு அவசரமாக எழுதுவதற்கும் அந்த நோட்டுதான் காரணம். நோட்டில் கூட்டுத்தொகை 1,14,100. எண்ணிய பணம் 1,14,300. பிஸ்கட் டப்பாவில் யாரோ பெயர் சொல்லாமல் 200 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். "போகட்டும்டா" என்றால் அவன் கேட்பதாக இல்லை. கடைசிப் பக்கத்தில் பெயருக்கு ஒரு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறான். உங்களுடையது என்றால் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போங்கள். ஆறு மணிக்குள் வாருங்கள், அதற்கு மேல் நாங்கள் நடக்கக் கிளம்பிவிடுவோம்.